ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு எம்.பி. எப்படிக் கிடைத்தார்கள்?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: இங்கிலாந்தில் ஓல்டு சேரம் என்று ஒரு தொகுதி இருந்ததாம், வீடு வாசல் எதுவும் இல்லாத அந்தப் புல்மேட்டிலிருந்து 1832 வரை இரண்டு பேர் நாடாளுமன்றத்துக்குப் போனார்களாம், சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஒருவர் இங்கே வாங்கிய வைரத்தை விற்று அந்தத் தொகுதியையே விலைக்கு வாங்கினாராம், இதெல்லாம் உண்மையா? முதல் பாதி உண்மை. பிற்பாதியில் ஆள் சரி, ஊர் சரி, சம்பவங்களின் வரிசைதான் தப்பு. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது வேறு என்று நினைக்கிறேன். ஆளே இல்லாத இடத்தில் ஓட்டுப் போட்டது யார், அதை எந்தச் சட்டம் அனுமதித்தது? பல ஆண்டுகள் கல்லூரியில் இங்கிலாந்து அரசியலமைப்பு வரலாறு நடத்தியவன் என்பதால், பாடநூல் ஒரே வரியில் தாண்டிப்போகும் அந்த இடத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: நான் படித்தது அச்சில் வந்தவற்றை, மூலப் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்தவனல்ல.

இடம், தென் இங்கிலாந்தில் வில்ட்ஷயர் மாவட்டம். இன்றைய சால்ஸ்பரி நகரத்துக்கு வடக்கே சுமார் 3 கிலோமீட்டரில், மண் அரண்கள் சூழ்ந்த ஒரு மேடு. ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே அரண் இருந்தது. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் அங்கே கோட்டை கட்டினான். 1086இல் நாட்டின் பெரிய நிலக்கிழார்களை அங்கே வரவழைத்துத் தன்னிடம் விசுவாச உறுதிமொழி வாங்கினான். 1092இல் அதே மதிலுக்குள் ஒரு பேராலயமும் எழுந்தது. கோயிலும் படை முகாமும் ஒரே வளாகத்தில் இருந்தால் என்ன ஆகும்? பாதிரிமாருக்கும் கோட்டை வீரர்களுக்கும் ஓயாத சண்டை. போதாக்குறைக்குத் தண்ணீர்த் தட்டுப்பாடு, மேட்டுக் காற்று. கடைசியில் பிஷப் ரிச்சர்டு பூர் ஆலயத்தையே கீழே ஆற்றோரச் சமவெளிக்கு மாற்றினார். 1220இல் புதிய பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சனங்களும் கடைகளும் சந்தையும் அதன் பின்னாலேயே இறங்கிவிட்டன. மேட்டிலிருந்த கட்டடங்களின் கல்லையும் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். இடம் மாறாமல் மேட்டிலேயே நின்றுபோனது ஒன்றே ஒன்று: நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் உரிமை.

நாம் தொகுதி என்றதும் மனதில் வைப்பது மக்கள்தொகையை. அன்றைய இங்கிலாந்தில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. மாவட்டத்துக்கு இரண்டு பேர், உரிமை பெற்ற நகரத்துக்கு இரண்டு பேர் என்று மன்னர் அழைப்பாணை அனுப்புவார். ஒருமுறை கிடைத்த உரிமை பழக்கத்தில் நிலைத்துவிடும். நகரத்துக்குள் யாருக்கு ஓட்டு என்பதும் ஊருக்கு ஊர் வேறு. ஓரிடத்தில் வரி கட்டுகிறவர்களுக்கு, இன்னோரிடத்தில் நகராட்சி உறுப்பினர்களுக்கு மட்டும். ஓல்டு சேரத்தில் ஓட்டு மனையோடு ஒட்டியிருந்தது. பழைய நகரத்தில் இன்ன இன்ன மனைக்கு ஓட்டு உண்டு என்று ஒரு பட்டியல். அந்த மனையின் உடைமை யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாக்காளர். வீடு இடிந்தாலும், மனை வயலாகிப்போனாலும், உடைமையாளர் லண்டனில் இருந்தாலும் ஓட்டு அழியாது. சட்டத்தின் கண்ணில் அந்தத் தொகுதி காலியாக இல்லை. மனைகள் அத்தனையும் அங்கேயேதான் இருந்தன.

மனைகள் எல்லாவற்றையும் ஒருவரே வாங்கிவிட்டால் அவருக்கு ஒரு ஓட்டுத்தானே என்று கேட்கலாம். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். இது போன்ற மனை ஓட்டுத் தொகுதிகளில், தேர்தல் வருகிறது என்றால் உரிமையாளர் நம்பிக்கையான ஆட்கள் பெயருக்கு ஆளுக்கொரு மனையாக மாற்றிக் கொடுப்பார். தேர்தல் முடிந்ததும் பத்திரம் திரும்பி வந்துவிடும். நமக்குப் பினாமி என்றால் உடனே புரியும். ஓல்டு சேரத்தில் வாக்காளர் எத்தனை பேர் என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுவதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். 7 என்று சிலர், 11 என்று சிலர். பட்டியலில் இருந்தவர்கள், வந்து நின்றவர்கள், எந்த ஆண்டு என்பதைப் பொறுத்து இரண்டுமே சரியாக இருக்கக்கூடும். கடைசிக் காலத்தில் ஒரு டஜனைத் தாண்டவில்லை, அவர்களில் ஒருவரும் அங்கே குடியிருக்கவில்லை என்ற அளவில் ஐயமில்லை.

தேர்தல் எப்படி நடந்தது என்பதற்கு 1802ஆம் ஆண்டுப் பத்திரிகைச் செய்தி ஒன்று பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. பலரும் கற்பனை செய்வதுபோல கோட்டை மேட்டின் உச்சியில் அல்ல, கீழே தானிய வயலில், ஒரு மரத்தடியில் தற்காலிகக் கொட்டகை போட்டுத் தேர்தல். வந்திருந்த வாக்காளர்கள் 5 பேர். தேர்தல் அதிகாரி முறைப்படி ஆணையை வாசித்தார். பிறகு, ஓட்டுக்குக் காசு வாங்கக்கூடாது என்ற லஞ்சத் தடைச் சட்டத்தையும் வாசித்தார்! வேறு வேட்பாளர் உண்டா என்று கேட்டார், ஒருவரும் இல்லை, இருவரும் தேர்வானார்கள். மாணவர்களுக்கு இதைச் சொன்னால் லஞ்சச் சட்டம் வரும் இடத்தில் வகுப்பே சிரிக்கும். ஆனால் கவனித்தால் அங்கே உண்மையிலேயே லஞ்சம் நடக்கவில்லை. தொகுதியையே வாங்கிவிட்டவருக்கு ஓட்டை வாங்கவேண்டிய தேவை என்ன?

இனி உங்கள் வைரக் கதைக்கு வருகிறேன். தாமஸ் பிட் 1653இல் டார்செட் பகுதியில் ஒரு பாதிரியார் மகனாகப் பிறந்தவர். 1674 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக ஒரிசா கடற்கரையிலுள்ள பாலேஸ்வரத்துக்கு வந்தார். வந்ததும் கம்பெனியை உதறிவிட்டுச் சொந்த வியாபாரத்தில் இறங்கினார். இந்திய வணிகம் கம்பெனியின் ஏகபோகமாக இருந்ததால் அவர்கள் பார்வையில் இது கள்ள வியாபாரம். வழக்குப் போட்டு அபராதமும் விதித்தார்கள். அதையெல்லாம் கட்டிவிட்டு, மீந்த பணத்தில்தான் 1691 வாக்கில் சால்ஸ்பரி பிரபுவிடமிருந்து ஓல்டு சேரத்தை வாங்கினார். வைரம் அவர் கண்ணில் படுவதற்குப் பத்தாண்டு முன்பே தொகுதி கைக்கு வந்துவிட்டது. அடக்க முடியாத ஆளை அரவணைத்துக்கொள்வதே மேல் என்று கம்பெனி முடிவுகட்டியபோது, அதே பிட் 1698இல் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னராக வந்து இறங்கினார். 1709 வரை இருந்தார்.

வைரம் கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து வந்தது. வெட்டுமுன் 410 காரட். ஜம்சந்த் என்ற வியாபாரியோடு நீண்ட பேரம் பேசி 48,000 வராகனுக்கு, அன்றைய கணக்கில் 20,400 இங்கிலாந்துப் பவுனுக்கு, பிட் அதை வாங்கினார். 1702இல் மூத்த மகன் ராபர்ட் அதை லண்டனுக்குக் கொண்டுபோனார். அந்த ராபர்ட்டே 1705இல் ஓல்டு சேரம் உறுப்பினராகவும் ஆனார். வெட்டித் தேய்த்த பின் சுமார் 140 காரட். வாங்க ஆளில்லாமல் பல ஆண்டுகள் கிடந்து, 1717இல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளர் ஆர்லியன்ஸ் கோமகனுக்கு 135,000 பவுனுக்கு விற்றது. இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுரங்க அடிமை ஒருவர் தன் காலைக் கிழித்துக் காயத்துக்குள் அதை ஒளித்துக் கொண்டுவந்தார், ஒரு கப்பல் கேப்டன் அவரைக் கொன்று கல்லைப் பறித்தார் என்ற கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதைத் தவிர அதற்கு ஆதாரம் கிடையாது. நான் அதை நம்புவதில்லை. வைரப் பணம் நிலமாக மாறியது என்பது மட்டும் மெய். ஆனால் அந்த நிலம் ஓல்டு சேரம் அல்ல; கார்ன்வாலில் 1717இல் பிட் வாங்கிய பொகோனக் எஸ்டேட். இரண்டும் ஒரே குடும்பத்துச் சொத்து என்பதால் கதை ஒன்றோடொன்று கலந்துவிட்டது.

சென்னைவாசிகளுக்கு ஒரு இடைச்செருகல். இந்தப் பிட் கவர்னராக இருக்கும்போதுதான், 1708இல், திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து கிராமங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தன. ஐந்து ஊரிலும் ஆட்கள் நிறைய இருந்தார்கள், கேட்பார்தான் இல்லை. அதே ஆளுக்கு அங்கே ஆளில்லாத மேட்டில் இரண்டு நாடாளுமன்ற இடங்கள்.

தாமஸ் பிட்டின் பேரன் வில்லியம் பிட் 1735இல், 26 வயதில், குடும்பச் சொத்தான ஓல்டு சேரம் வழியாகவே நாடாளுமன்றத்தில் நுழைந்தார். 1747 வரை அதே தொகுதி. பின்னாளில் ஏழாண்டுப் போரை நடத்தி, பிரெஞ்சுக்காரர்களை இந்தியாவிலும் கனடாவிலும் ஒடுக்கிய அரசின் தலைமூளை அவர். 1766இல் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு வரி போடும் விவாதத்தில், சின்னத் தொகுதிகளை அரசியலமைப்பின் அழுகிய பகுதி என்று சொன்னவரும் அவரே. அது இன்னும் ஒரு நூற்றாண்டு தாங்காது, தானாக உதிராவிட்டால் வெட்டி எடுக்கவேண்டும் என்றார். 66 ஆண்டில் வெட்டினார்கள். தன்னை வளர்த்த தொகுதியையே சாடினாரே என்று இதை நன்றிகெட்டதனமாக எழுதுவோர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இயந்திரம் உள்ளே எப்படிச் சுழல்கிறது என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் சபையில் அதிகம் பேர் இருந்திருக்க முடியாது.

விலை விஷயம் சுவாரசியமானது. 1802இல் பிட் வம்சத்து இரண்டாம் கேமல்ஃபர்டு பிரபு ஓல்டு சேரத்தை கேலடன் பிரபுவுக்கு விற்றார். 60,000 பவுன் என்பது பரவலாகச் சொல்லப்படும் தொகை. இதைவிடக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. நிலத்திலிருந்தும் பண்ணை உரிமைகளிலிருந்தும் ஆண்டு வருமானமோ 700 பவுன்தான். தாராளமாக 30 ஆண்டு வருமானத்தை நில விலையாக வைத்தாலும் 21,000. மீதி 39,000 எதற்கு? இரண்டு நாற்காலிகளுக்கு. அந்தக் காலத்தில் ஒரு நாடாளுமன்றக் காலத்துக்கு ஒரு இடத்தை வாடகைக்குப் பிடிக்க 4,000, 5,000 பவுன் ஆகும். ஆகவே 39,000 கொடுத்தவர் ஏமாளி அல்ல. நாலைந்து தேர்தலில் முதல் திரும்பிவிடும். தொகுதியை மரியாதைக்காக வைத்திருந்தார்கள் என்று சிலர் எழுதுவதை இந்தக் கணக்கு ஆதரிக்கவில்லை.

இந்தக் கேமல்ஃபர்டு ஒரு முரடர். 1804இல் துப்பாக்கிச் சண்டையில் செத்தார். விற்பதற்கு முந்தைய ஆண்டு ஒரு வேலை செய்தார். ஹார்ன் டூக் என்ற பழைய பாதிரியார், நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டு 1794இல் தேசத்துரோக வழக்கையே சந்தித்து விடுதலையானவர். நாட்டிலேயே மோசமான தொகுதி என்று அவர் கூட்டத்தார் தூற்றிக்கொண்டிருந்த ஓல்டு சேரத்திலிருந்தே கேமல்ஃபர்டு அவரைச் சபைக்கு அனுப்பிவைத்தார். சபை பதறிப்போய், பாதிரியாராக ஒருமுறை இருந்தவர் உறுப்பினராகக் கூடாது என்று 1801இல் சட்டமே போட்டது. டூக் அந்தச் சபை கலையும்வரை உட்கார்ந்துவிட்டுப் போனார். அவரை எதிர்த்துச் சபைக்குள் எழுந்த கேள்வி பாதிரிப் பட்டம் பற்றியது. ஆளில்லாத வயல் எப்படி அவரை அனுப்பியது என்பதல்ல.

வாங்கிய கேலடன் குடும்பத்திலும் சென்னை வாடை உண்டு. பிரபுவின் தந்தை ஜேம்ஸ் அலெக்சாண்டர் கம்பெனி உத்தியோகத்தில் செல்வம் சேர்த்து அயர்லாந்தில் நிலம் வாங்கியவர். அவருடைய சகோதரி கணவர் ஜோசையஸ் டூப்ரே 1770 முதல் 1773 வரை சென்னைக் கவர்னர். இவர்கள் கையில் தொகுதி வந்த பிறகு உறுப்பினரான நிக்கலஸ் வான்சிட்டார்ட், பின்னாளில் இங்கிலாந்தின் நிதியமைச்சர், 1746இல் பிரெஞ்சுக்காரரிடம் சென்னைக் கோட்டையை ஒப்படைத்த கவர்னர் நிக்கலஸ் மோர்ஸின் மகள்வழிப் பேரன். அவருடைய தந்தை ஹென்றி, கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் எழுத்தராகத் தொடங்கி வங்காள கவர்னரானவர். 1832இல் தொகுதி ஒழிந்தபோது இருந்த கடைசி இரண்டு உறுப்பினர்களும் அலெக்சாண்டர் குடும்பம்; ஒருவரின் பெயரே ஜோசையஸ் டூப்ரே அலெக்சாண்டர். ஆக, ஒரு வைரம் ஒரு தொகுதியை வாங்கியது என்பதைவிட, சோழமண்டலக் கரையிலும் வங்கத்திலும் சேர்ந்த பணம் நூற்று நாற்பது ஆண்டுகள் அந்த மேட்டைச் சுற்றிவந்தது என்பதே சரியாக இருக்கும்.

ஓல்டு சேரம் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்கவேண்டாம். தமிழ்நாட்டு வரலாற்றுக்கு இதைவிட நேரடியாகச் சம்பந்தப்பட்டது ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் கடன் விவகாரம். நவாப்புக்கு வட்டிக்கு விட்ட கம்பெனி ஊழியர்கள், ஈடாகக் கர்நாடகச் சீமையின் (நவாப் ஆண்ட தமிழ்ப் பகுதியின்) வரி வசூலை எழுதி வாங்கிக்கொண்டார்கள். வட்டி கட்டியது கடைசியில் நம் உழவர்கள். அந்தக் கடன்காரர்களில் முதன்மையானவர் பால் பென்ஃபீல்டு. 1780இல் கிரிக்லேடு என்ற தொகுதியிலிருந்து உறுப்பினரானார். 1785 பிப்ரவரி 28 அன்று எட்மண்டு பர்க் இந்தக் கடன் பற்றிப் பேசிய நீண்ட உரையில், பென்ஃபீல்டு தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உருவாக்கினார் என்று குற்றம் சாட்டினார். எட்டு என்ற எண்ணை எதிர்க்கட்சிக்காரரின் கணக்கு என்று சற்றுத் தள்ளியே வையுங்கள். அந்தப் பர்க்கும் 1765இல் முதன்முதலாகச் சபைக்கு வந்தது வெண்டோவர் என்ற, ஒரு பிரபுவின் கைக்கடக்கமான தொகுதியிலிருந்துதான்.

இத்தனை காலம் ஏன் விட்டுவைத்தார்கள்? முதலில், இடையில் ஒருமுறை நீக்கினார்கள். 1653இல், மன்னரைக் கொன்றுவிட்டு வந்த கிராம்வெல் ஆட்சி கொண்டுவந்த அரசியல் சாசனத்தில் ஓல்டு சேரம் உள்ளிட்ட சிறு தொகுதிகள் உரிமை இழந்தன. 1659இல் பழையபடி திரும்பிவிட்டன. அந்த நீக்கம் அரசனைக் கொன்றவர்கள் செய்த காரியம் என்பதாலேயே பிறகு தொட அஞ்சினார்கள் என்பது என் ஊகம். அடுத்தது, ஓட்டுரிமை சொத்தாகிவிட்டது. சொத்தைப் பிடுங்க நாடாளுமன்றமே கூசியது. வில்லியம் பிட்டின் மகன், அவரும் வில்லியம் பிட்தான், பிரதமராக இருந்து 1785இல் ஒரு மசோதா கொண்டுவந்தார்: 36 சிறு தொகுதிகளை அவற்றின் உரிமையாளர்களிடமிருந்து அரசே விலைகொடுத்து வாங்கிவிடலாம், அதற்கு 10 லட்சம் பவுன் ஒதுக்கலாம். 248க்கு 174 என்று தோற்றது. அதே பிரதமர் 1800இல் அயர்லாந்து நாடாளுமன்றத்தை இணைக்கும்போது, அங்கே ஒழிக்கப்பட்ட தொகுதி ஒன்றுக்கு 15,000 பவுன் நஷ்டஈடு உண்மையிலேயே தரப்பட்டது. எதிர்த்தவர்கள் எல்லோரும் சுயநலக்காரர்கள் அல்ல. பணமில்லாத திறமைசாலி இளைஞர்கள் சபைக்கு வர இந்தக் கொல்லைவாசல்தானே இருக்கிறது என்ற வாதத்துக்குப் பிட், பர்க் இருவருமே உதாரணம்.

முடிவு வந்தது 1832இல். பிரதமர் கிரே பிரபுவின் முதல் சீர்திருத்த மசோதா 1831 மார்ச்சில் 302க்கு 301 என்று ஒரே ஓட்டில் இரண்டாம் வாசிப்பைக் கடந்து, பிறகு குழுநிலையில் சறுக்கியது, பொதுத்தேர்தல், இரண்டாம் மசோதாவைப் பிரபுக்கள் சபை அக்டோபரில் 41 ஓட்டு வித்தியாசத்தில் வீழ்த்தியது, பிரிஸ்டலிலும் நாட்டிங்காமிலும் கலவரம், தீவைப்பு. 1832 ஜூன் 7 அன்று மூன்றாம் மசோதாவுக்கு அரசர் ஒப்புதல் கொடுத்தார். முழுவதும் உரிமை இழந்த 56 தொகுதிகளின் பட்டியலில் முதல் பெயர் ஓல்டு சேரம். அதுவரை தனக்கென ஓர் உறுப்பினரும் இல்லாத, லட்சத்துக்கு மேல் ஆள் வாழ்ந்த மான்செஸ்டருக்கு இரண்டு இடம் கிடைத்தது. இம்முறை நஷ்டஈடு கிடையாது. முப்பது ஆண்டு முன் கொடுத்த பணத்தில் நாற்காலிக்கான பங்கு கேலடனுக்கு மண்ணோடு போயிற்று. ரகசிய வாக்கெடுப்பு வர 1872 ஆனது. பெண்களுக்கு ஓட்டில்லை என்பது 1832 சட்டத்தில்தான், ஆண் என்ற சொல்லைப் போட்டு, எழுத்திலேயே ஏறியது.

கேள்வியின் கடைசியில், நம் தொகுதி மறுவரையறை விவாதத்தில் இந்தப் பெயரை இழுக்கிறார்களே, பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பாதிதான் பொருந்தும். 1976இல் 42ஆம் திருத்தத்தால் மக்களவை இடங்கள் 1971 கணக்கோடு நிறுத்தப்பட்டதால், மாநிலத்துக்கு மாநிலம் ஓட்டின் எடை வேறுபடுகிறது. அந்த அளவில் ஒப்பிடலாம். ஆனால் ஓல்டு சேரத்தின் கோளாறு எடை வித்தியாசம் மட்டுமல்ல. அங்கே தொகுதிக்கு உரிமையாளர் இருந்தார், அதைக் கிரயம் எழுதிக் கொடுத்தார். நம்மிடம் எந்தக் குறை இருந்தாலும் கிரயப் பத்திரம் இல்லை. அந்த மேடு இன்று சால்ஸ்பரி தொகுதிக்குள் வருகிறது. கோட்டை இடிபாடுகளைக் கட்டணம் கட்டிப் பார்க்கலாம்.